அசையாத தே ஓ

கம்ப்யூட்டர் ஒன்றைக் கட்டி முடித்ததும் அக்கா அதன் தலையில் ஒரு கிளாஸ் தே ஓ வைப்பார். பால் கலக்காத தேநீர், விளிம்பு தொட. பிறகு மெஷினை முடுக்கி, கனமான வீடியோ ஒன்றை ஓடவிட்டு, முழங்காலில் கைகளை ஊன்றிக் குனிந்து கிளாஸையே பார்த்துக்கொண்டிருப்பார். தே ஓவின் மேல் மெல்லிய வட்டம் ஒன்று ஓடினாலும் போதும், மெஷினை மறுபடி பிரித்துவிடுவார். வட்டம் வராவிட்டால் அந்தத் தே ஓவை அவரே எடுத்துக் குடிப்பார். அதற்குள் ஆறிப்போயிருக்கும். வேலை முடிந்தது என்று வாயால் சொல்லமாட்டார். வெறும் கிளாஸைக் கழுவி மேசைமேல் கவிழ்த்து வைப்பார். கவிழ்ந்த கிளாஸைப் பார்த்தால் மெஷினை எடுத்துக்கொண்டு போகலாம் என்று அர்த்தம்.

"காது பொய் சொல்லும்லா. தண்ணி சொல்லாது" என்பார்.

ஈப்போவில், சிலிபின் பக்கம், எங்கள் ஃபிளாட்டின் கீழ்த்தளத்தில் அவர் வீடு. முதல் மாடியில் எங்கள் வீடு. நடுவில் பதினெட்டுப் படி. எல்லாரும் அவரைக் கம்ப்யூட்டர் அக்கா என்றுதான் சொல்வோம். அவர் பெயரை நான் இங்கே எழுதப்போவதில்லை. எழுதட்டுமா என்று அவரிடம் போய்க் கேட்க எனக்கு முகம் இல்லை.

அப்போது அவருக்கு நாற்பத்தைந்து வயது இருக்கும். தனி ஆள். தகரத்தை அழுத்தி டின் மூடிகள் வெட்டும் தொழிற்சாலை ஒன்றில் பத்தொன்பது வருஷமாக ஒரே பிரஸ் மெஷினில் நின்றவர். வேலை முடிந்து வந்து, குளித்து, சாமி விளக்கு ஏற்றிவிட்டு, முன்னறை மேசையில் உட்கார்ந்தால் கம்ப்யூட்டர். படிவம் மூன்றோடு, ஒன்பதாம் வகுப்பில், பள்ளிக்கூடம் நின்றுபோனது. இந்த வேலையை இணையத்தில் வீடியோ பார்த்துத்தான் கற்றுக்கொண்டார். கீழே எழுத்து ஓடும் வீடியோக்களை மட்டும் பார்ப்பார். ஏன் அவை மட்டும் என்று நான் அப்போது யோசிக்கவில்லை.

என்னை அவர் 'யூனி' என்று கூப்பிடுவார். "யூனி வந்துட்டியா?" "யூனி, இதுல என்ன எழுதியிருக்குன்னு படி." யூனிவர்சிட்டி போனவள் என்ற கேலிதான். ஆனால் எனக்கு அது பிடித்திருந்தது. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தை முழுதாக முடித்த முதல் ஆள் நான். பல்கலைக்கழகம் போன முதல் ஆளும் நான்தான். அப்பா சிம்பாங் பூலாயில் கல்லுமலையிலிருந்து கல் ஏற்றும் லாரி ஓட்டுகிறார். அம்மா ரப்பர் தோட்டத்தில் பிறந்து, ஆறாம் வகுப்போடு நின்றவர். என் பட்டம் சாமி படங்களுக்கு நேர் எதிர்ச் சுவரில் மாட்டியிருக்கிறது. வீட்டுக்கு வருகிறவர்கள் எந்தப் பக்கம் முதலில் கும்பிடுவது என்று திணறுவார்கள். ஒளிப்பதிவும் ஒலிப்பதிவும் படித்தேன். ஒலிப் பாடத்தில் வகுப்பிலேயே முதல். இதைச் சொல்வதில் எனக்கு வெட்கம் இல்லை. பிறகு நடந்ததைச் சொல்வதில்தான் இருக்கிறது.

படிப்பு முடிந்து கல்யாண வீடியோக்களைத் தொகுத்துக் கொடுக்க ஆரம்பித்தேன். கூடவே, இணையத்தில் தமிழ்ப் பாடம் நடத்தும் ஒருவருக்காக விளக்கு வெளிச்சத்தில் உட்கார்ந்து கேமராவைப் பார்த்துப் பேசிப் பதிவு செய்யும் வேலை. படுக்கும் அறைதான் ஸ்டூடியோ. பழைய கம்ப்யூட்டரை முடுக்கினால் அப்பா கூடத்திலிருந்து கேட்பார், "என்னம்மா, லாரிய ஸ்டார்ட் பண்ணிட்டியா?" என் குரலுக்குப் பின்னால் அந்த லாரி எப்போதும் ஓடிக்கொண்டிருந்தது.

ஆகவே ஒரு பட்டியலோடு பதினெட்டுப் படி இறங்கினேன். கண்ணாடிப் பெட்டி, நிறம் மாறும் விளக்கு, ஆறு காத்தாடி. அக்கா பட்டியலை மேலிருந்து கீழாகப் படித்தார்.

"யூனி, இது கம்ப்யூட்டரா, தீபாவளிக் கடையா?"

"எல்லாரும் இப்படித்தான்க்கா வெச்சிருக்காங்க."

"அவங்க காட்டறதுக்கு வெச்சிருக்காங்க. உனக்குச் சத்தம் கேக்கக் கூடாது, வீடியோ நிக்காம ஓடணும். அதான?"

"ஆமா."

"அப்பப் பளபளன்னு எதுக்கு? பிஸ்கட் டின் அளவு போதும். மேசையில ஒரு ஓரமா கெடக்கட்டும்."

அதிகம் சூடாகாத சிப்பாகத் தேடினார். சூடு இல்லையென்றால் காத்து குறைவாகப் போதும், காத்து குறைந்தால் சத்தம் குறையும் என்பது அவர் கணக்கு. உள்ளே சுழலும் தட்டு எதுவும் கூடாது. ஆறு காத்தாடிக்குப் பதில் ஒன்றே ஒன்று, பெட்டியின் அகலத்துக்கு.

"சின்னக் காத்தாடி வேகமா சுத்திக் கத்தும். பெருசு மெதுவா சுத்தும், பேசாது. உன்னையும் என்னையும் மாதிரி."

"நான் சின்னதாக்கா?"

"ஆளு சின்னது. சத்தம் பெருசு."

திருகாணி இறங்கும் ஒவ்வொரு இடத்திலும் பழைய ரப்பர் செருப்பை நறுக்கி, பொத்தான் அளவு வட்டமாக வெட்டி வைப்பார். அதற்காகவே ஒரு பை நிறைய அறுந்த செருப்பு சேர்த்து வைத்திருந்தார். "எங்கப்பா பால் மரம் வெட்டுனாரு. அந்த ரப்பர் ஊரெல்லாம் சுத்திட்டு எங்கிட்டயே வந்து நிக்குது பாரு" என்று சிரிப்பார். மூன்றாம் மாடி வீட்டுத் துணி துவைக்கும் மெஷின் சுழன்றால் முன்பெல்லாம் எங்கள் வீட்டுப் பாத்திரங்கள் பேசும். அக்கா நாலு துண்டுச் செருப்போடு மேலே போய்வந்த பிறகு அது நின்றது. பொதுக் கதவின் கீல், கோயில் அலுவலகத்து மேசைக் காத்தாடி, படிக்கட்டுக் கம்பி என்று அவர் கை போன இடமெல்லாம் ஒவ்வொன்றாக அடங்கின. முதலில் உள்ளங்கையை அதன்மேல் வைப்பார். கண்ணை மூடிக்கொள்வார். பிறகுதான் கருவியை எடுப்பார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, வாசலில் நின்று பேசிக்கொண்டிருந்தோம். ரொட்டிக்காரர் மோட்டார் சைக்கிளில் ஹார்னை அழுத்திக்கொண்டே அக்காவின் முதுகுக்குப் பின்னால் வந்தார். அக்கா திரும்பவில்லை. என் கண் அந்தப் பக்கம் போனதும், அதைப் பார்த்துத் திரும்பினார். அதற்குப் பிறகு எனக்கு எல்லாம் தெரியவந்தது. எப்போதும் முதுகுக்குச் சுவர் இருக்கும்படிதான் உட்காருவார். பேசுகிறவர் வாயை விட்டு அவர் பார்வை நகராது. நாங்கள் அதை மரியாதை என்று நினைத்திருந்தோம்.

நான் கவனித்துவிட்டேன் என்பதையும் அவர் கவனித்தார்.

"முழுசா போகல, பிள்ள. கீச்சுன்னு வர்ற சத்தம்தான் விழாது. பிரஸ் மெஷின் தின்னுருச்சு. ஆரம்பத்துல காதுக்குப் பஞ்சு கூட குடுக்கல." ரொட்டிக்காரர் தாண்டிப் போனதும் சொன்னார்: "யார்ட்டயும் சொல்லிராத. சத்தமில்லாத கம்ப்யூட்டர ஒரு செவிட்டுப் பொம்பள கட்டுறான்னா எவன் வாங்குவான்?"

"சொல்லமாட்டேன்க்கா" என்றேன்.

அவருக்கு ஒரு திட்டம் இருந்தது. மிச்சமிருக்கும் காதோடு தொழிற்சாலையை விட்டு வெளியே வந்துவிட வேண்டும். ஈப்போவில் கல்யாண வீடியோ எடுக்கும் இளைஞர்கள் சிலர் குழுவாகச் சேர்ந்திருந்தார்கள். அதன் தலைவரை நாங்கள் அண்ணன் என்போம். ஆறு பேருக்கும் ஆறு மெஷின் வேண்டும் என்று அவர் அக்காவிடம் பேசியிருந்தார். அந்த ஆறும் நன்றாகப் போனால் பிறகு ஆள் மேல் ஆள் வரும். அக்கா வேலையை விடும் கடிதத்தை எழுதி, மலாய் சரியாக இருக்கிறதா என்று என்னிடம் திருத்தக் கொடுத்தார். தேதியை மட்டும் எழுதாமல் விட்டிருந்தார்.

"மொதல்ல உன் மெஷின் எப்படி வருதுன்னு பாக்கணுமாம்" என்றார்.

என் மெஷின் வந்தது. சாம்பல் நிறத்தில், நிஜமாகவே பிஸ்கட் டின் அளவு. ஓரத்தில் சந்தனமும் குங்குமமும் வைத்துக் கொடுத்தார். முதல் நாள் அதை முடுக்கிவிட்டு, ஓடுகிறதா இல்லையா என்று தெரியாமல் மறுபடி பொத்தானை அழுத்தி அணைத்துவிட்டேன். கல்யாண வீடியோ நாலு அடுக்காக நிற்காமல் ஓடியது. அப்பா வாசலில் வந்து பார்த்து, "லாரி எங்கம்மா?" என்றார். அறையில் என் மூச்சு எனக்குக் கேட்டது.

மூன்றாம் நாள், பதிவுக்கு எல்லாவற்றையும் செருகி உட்கார்ந்தபோதுதான் அந்தச் சத்தம் கேட்டது. ஈ என்று, ஊசி மாதிரி. காதுக்கு உள்ளே இருப்பது போலவும் இருந்தது, அறையில் இருப்பது போலவும் இருந்தது. பதிவு செய்த என் குரலுக்கு அடியிலும் மெல்லிய கோடாக அது ஓடியது. சுவிட்சைப் போட்டால் வந்தது, அணைத்தால் போனது. நான் படித்தவள். மின்சாரம் பாயும்போது கம்ப்யூட்டருக்கு உள்ளே இருக்கும் சில பாகங்கள் இப்படிக் கீச்சிடும் என்று எனக்குத் தெரியும். அதற்கு மேல் தேட வேண்டும் என்று தோன்றவில்லை.

அக்கா கிளாஸோடு மேலே வந்தார். தே ஓவை வைத்தார். குனிந்து பார்த்தார். ஒரு வட்டம்கூட இல்லை. பெட்டியின் மேல், பக்கத்தில், கீழே என்று உள்ளங்கையை வைத்துப் பார்த்தார்.

"எனக்கு ஒண்ணும் தெரியலயே, யூனி."

"இது கையில தெரியாதுக்கா. தே ஓலயும் தெரியாது. ரொம்ப மேல இருக்கிற சத்தம்."

"நல்லாக் கேளு. வெளிய இருந்து வருதோ?"

"வெளிய ஒண்ணும் இல்ல. உங்களுக்குக் கேக்காதுக்கா. கேக்காததை எப்படி நீங்க சரி பண்ணுவீங்க?"

அம்மா அடுக்களையில் இருந்தார். கரண்டிச் சத்தம் நின்றது எனக்குக் கேட்டது. அக்கா என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதனால் ஒரு எழுத்துகூடத் தப்பியிருக்காது.

மெஷினைத் தூக்கிக்கொண்டு கீழே போனார். தன்னுடைய கம்ப்யூட்டரிலிருந்து மின்சாரம் கொடுக்கும் பெட்டியைக் கழற்றி என்னுடையதில் மாட்டி இரண்டு நாளில் திரும்பக் கொண்டுவந்தார். சுவிட்சைப் போட்டேன். ஈ.

"இன்னும் இருக்கா?"

"இருக்குக்கா."

"உன் காதுக்குக் கேக்குதுன்னா இருக்கும். எனக்குத்தான் விழல." பெட்டியின் மேல் வைத்திருந்த தே ஓ அசையாமல் இருந்தது. அக்கா அதைக் குடிக்கவில்லை. எங்கள் வீட்டுத் தொட்டியில் ஊற்றிவிட்டுக் கிளாஸைக் கையில் எடுத்துக்கொண்டு இறங்கிப் போனார்.

அந்த வாரம் அண்ணன் வாட்ஸ்அப்பில் கேட்டார், "தங்கச்சி, மெஷின் எப்படி? நீதான் சவுண்டு படிச்ச பிள்ள, நீ சொன்னா சரி." நான் குரல் பதிவாகப் பதில் அனுப்பினேன். "நல்லாத்தான் ஓடுதுண்ணே. ஆனா ஈன்னு ஒரு சத்தம் இருக்கு. அக்காவுக்கு அது விழாது, அவங்களுக்குக் காது மந்தம். சவுண்டு வேலைக்குன்னா கொஞ்சம் யோசிச்சுக்குங்க." அனுப்பும் முன் ஒருமுறை போட்டுக் கேட்டேன். என் குரல் தெளிவாக இருந்தது. உண்மையைத்தான் சொல்கிறோம் என்று நினைத்தேன்.

இரண்டு நாள் கழித்து அக்கா போனை எடுத்துக்கொண்டு மேலே வந்தார்.

"யூனி, அந்தத் தம்பி வாய்ஸ் அனுப்பியிருக்கு. எனக்குச் சரியா விழல. என்ன சொல்லுதுன்னு கேட்டுச் சொல்லேன்."

போட்டேன். அண்ணன் தன்மையாகத்தான் பேசியிருந்தார். அக்கா, தப்பா நெனைக்காதீங்க, உங்க காது விஷயம் கேள்விப்பட்டோம், எங்களுக்குச் சத்தம் இல்லாத மெஷின்தான் முக்கியம், அதனால கோலாலம்பூர்ல சொல்லிட்டோம் என்றார்.

"என்னவாம்?"

"வேற எடத்துல வாங்கிக்கிறாங்களாம்க்கா."

"ஏனாம்?"

"தெரியல. ஒண்ணும் சொல்லல."

அக்கா என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு போனை வாங்கி, நைட்டியின் பையில் போட்டுக்கொண்டார். "ஓகே லா" என்றார். இறங்கும்போது படிக்கட்டுக் கம்பியில் கை வைத்தபடி இறங்கினார்.

அதற்குப் பிறகு அவர் மேசையில் மெஷின் எதையும் நான் பார்க்கவில்லை. யாராவது கேட்டால், "வேணாம்லா, என்னை நம்பி வாங்காதீங்க" என்றாராம். காலையில் தொழிற்சாலை வேனில் ஏறினார். மாலையில் இறங்கினார்.

தீபாவளிக்கு இரண்டு வாரம் முன்பு மெஷினைத் திறந்து தூசி தட்டினேன். வருஷத்துக்கு ஒருமுறை செய் என்று அக்கா சொல்லியிருந்தார். அதிலிருந்து எல்லா வயரையும் பிடுங்கிவிட்டு, தரையில் பழைய செய்தித்தாள் விரித்து, பிஸ்கட் டின்னை மல்லாக்கப் போட்டிருந்தேன். உள்ளே ஒவ்வொரு திருகாணிக்குக் கீழும் நீலச் செருப்பு வட்டம். அம்மா நெத்திலி ஆய உட்கார்ந்தார். கண் சரியாகத் தெரியவில்லை என்று, என் பதிவுக்கு வைத்திருந்த வளைய விளக்கை இழுத்துப் பக்கத்தில் வைத்துச் சுவிட்சைப் போட்டார்.

ஈ.

கம்ப்யூட்டர் செத்த மீன் மாதிரி தரையில் கிடந்தது. சத்தம் விளக்கிலிருந்து வந்தது. என் முதல் சம்பளத்தில் வாங்கிய விளக்கு. கம்ப்யூட்டர், திரை, விளக்கு எல்லாவற்றையும் ஒரே நீட்டு வயரில் செருகி ஒரே சுவிட்சில் வைத்திருந்தேன். போட்டால் எல்லாம் ஓடும், அணைத்தால் எல்லாம் அணையும். அந்த விளக்கு வாங்கிய நாளிலிருந்தே கீச்சிட்டிருக்க வேண்டும். பழைய லாரி அதை மூடி வைத்திருந்தது. அக்காவின் மெஷின் அவ்வளவு அமைதியாக இருந்ததால்தான் எனக்கு அது முதல் தடவையாகக் கேட்டது.

"என்னடி முழிக்கிற?" என்றார் அம்மா.

"ஒண்ணுமில்லம்மா. விளக்கு ரோசாக்" என்றேன். கெட்டுப்போய்விட்டது என்றேன். அவ்வளவு சுலபமாகச் சொல்ல முடிந்தது.

அக்கா அப்போது கீழேதான் இருந்தார். பதினெட்டுப் படி. நாளைக்குச் சொல்லலாம் என்று நினைத்தேன். தீபாவளி முடியட்டும் என்று நினைத்தேன். சொன்னால் அண்ணனிடமும் சொல்ல வேண்டும். சவுண்டு படித்த பிள்ளைக்கு விளக்குக்கும் கம்ப்யூட்டருக்கும் வித்தியாசம் தெரியவில்லை என்று ஆறு பேரும் சிரிப்பார்கள். முறுக்கு கொண்டுபோய்க் கொடுத்தேன். அக்கா வாங்கிக்கொண்டு, "மெஷின் ஓடுதா, யூனி?" என்று கேட்டார். "ஓடுதுக்கா" என்றேன். அதுவே நல்ல இடம், அங்கேயே சொல்லியிருக்கலாம். ஐந்து மாதம் அப்படியே போனது. பிறகு, ஆயர் தாவாரில் இருக்கும் தன் அக்கா வீட்டோடு போய் இருக்கப்போவதாகச் சொல்லி வீட்டைக் காலி செய்தார். நான் ஒரு கல்யாணத்தில் வேலையாக இருந்தேன். செருப்புப் பையை மட்டும் குப்பைத் தொட்டிப் பக்கத்தில் பார்த்தேன்.

இன்னும் மூன்று மாதம் கழித்துத்தான் அண்ணனுடைய வாட்ஸ்அப் குழுவில் எழுதினேன். 'அக்காவின் மெஷினில் குறை இல்லை, என் விளக்கில்தான் சத்தம், தவறு என்னுடையது.' யாரும் சிரிக்கவில்லை. இரண்டு பேர் கட்டைவிரல் போட்டார்கள். அதற்குக் கீழே யாரோ ஒரு கேமரா விலை கேட்டிருந்தார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஆயர் தாவாருக்குப் போனேன். சாலையோரத்தில் பலகை வீடு. பின்னால் எண்ணெய்ச் செம்பனைத் தோட்டம். அக்காவும் அவருடைய அக்காவும் இடியப்பம் பிழிந்து கடைகளுக்குப் போடுகிறார்கள். முன்னைவிட மெலிந்திருந்தார். அந்தத் தொழிற்சாலையில் கூடுதலாக நின்ற ஒரு வருஷத்தில் மிச்சமிருந்த காதிலும் கொஞ்சம் போயிருந்தது. நான் இரண்டு தடவை கூப்பிட்டும் திரும்பவில்லை.

முகத்துக்கு நேராக உட்கார்ந்து, வாய் அசைவது தெரியும்படி மெதுவாக எல்லாவற்றையும் சொன்னேன்.

"விளக்கா?" என்றார்.

"ஆமாக்கா. வளைய விளக்கு."

அக்கா மெல்லச் சிரித்தார். "அப்பத் தண்ணி சரியாத்தான் சொல்லியிருக்கு. நான்தான் அது பேச்சக் கேக்கல."

"அந்த வாய்ஸ்ல அண்ணன் சொன்னது..."

"தெரியும், பிள்ள. உன்கிட்ட கொண்டு வர்றதுக்கு முன்னாலயே அக்கா மகளக் கேக்கச் சொல்லிட்டேன். நீ சொல்லுவன்னுதான் ஏறி வந்தேன்."

நான் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"விளக்குன்னு எப்பத் தெரிஞ்சுச்சு?"

"தீபாவளிக்கு முன்னால."

விரலை மடக்கி எண்ணினார். எட்டில் நின்றது. "அப்ப நான் கீழதான இருந்தேன்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. மாதத்தைச் சரிபார்ப்பது போலச் சொன்னார்.

உள்ளே போய் இரண்டு கிளாஸ் தே ஓ கொண்டுவந்து வைத்தார். செம்பனைக் குலை ஏற்றிய லாரி ஒன்று வாசலைத் தாண்டிப் போனது. பலகை வீடு முழுக்க நடுங்கியது. இரண்டு கிளாஸிலும் வட்டம் வட்டமாக ஓடியது. அக்காவின் உள்ளங்கை தானாக மேசைமேல் போய்ப் பதிந்தது. கண்ணும் மூடியது. பிறகு நான் பார்க்கிறேன் என்று ஞாபகம் வந்தவர் போலக் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"குடி. ஆறிரும்."

குடித்து முடித்தேன். என் கிளாஸைக் கழுவிக் கவிழ்த்து வைக்கலாம் என்று எடுத்துக்கொண்டு எழுந்தேன்.

"இருக்கட்டும், யூனி. அங்கனயே வெச்சிட்டுப் போ" என்றார்.

வைத்துவிட்டு வந்தேன்.